பத்மினி, அம்பாசிடருக்கு எந்த ஸ்டீரியோ? மூன்று வகை செட்கள், புதுச்சேரி உப்புக் காற்றில் ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டேஷ்போர்டில் ரம்பம் படாமல், சாதாரண சிங்கிள் டின் (கார் ஸ்டீரியோவின் வழக்கமான ஒற்றை அடுக்கு அளவு) செட் ஒன்றைக் கிளவ் பாக்ஸுக்குள்ளோ டேஷுக்கு அடியிலோ மறைத்து வையுங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரிலும் ஒயரிங்கிலும் போடுங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் ஓடும் பிரீமியர் பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் இதுதான் சரிப்பட்டு வரும். ஆயிரக்கணக்கில் கொட்டி ரெட்ரோ முகம் வாங்கிய பிறகும் பல வண்டிகளில் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரிதான் கேட்கிறது. காரணம் செட் அல்ல. ஸ்பீக்கர் உட்காரும் பலகையும், எர்த்தும் (வண்டி உடம்போடு சேரும் கரன்ட் இணைப்பு), பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவும்தான்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது, இரண்டு குமிழ் வைத்த ரெட்ரோ ரேடியோ. பழைய டேஷில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஓட்டையிலும் நடுச்சதுரத்திலும் அப்படியே உட்காரும். உள்ளே புளூடூத், யூஎஸ்பி எல்லாம் இருக்கும். ரெட்ரோசவுண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் செட்களில் குமிழ்த் தண்டுகளை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொள்ளலாம், அது பெரிய வசதி. பிளாபுங்க்ட் கம்பெனி தன் 1980களின் பிரெமன் மாடல் முகத்தை அப்படியே வைத்து ‘பிரெமன் எஸ்க்யூஆர் 46 டாப்’ என்று ஒன்று கொண்டுவந்தது. ஆனால் அது சிங்கிள் டின் அளவு, குமிழ் ஓட்டையில் உட்காராது. பெயரில் உள்ள ‘டாப்’ டிஜிட்டல் ஒலிபரப்பு நம் ஊரில் கிடையாது. அந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீண்.

இறக்குமதி ரெட்ரோ செட் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ரீஜன் செட்டிங். அமெரிக்க ரீஜனில் எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் படியாக, ஒற்றைப்படை எண்களில் மட்டும் நகரும்: 102.7, அடுத்து 102.9. புதுச்சேரி வானொலியின் ரெயின்போ எஃப்எம் இருப்பது 102.8-இல். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கரகரவென்று வரும். ஏரியல் சரியில்லை என்று அதை மாற்றுவார்கள், அப்போதும் தீராது. மெனுவில் ஐரோப்பா ரீஜனுக்கு மாற்றினால் தீர்ந்தது. அந்த மெனு இல்லாத செட் நமக்கு ஆகாது.

தண்டு இடைவெளியை வாங்குவதற்கு முன் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். டேஷுக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் இருக்கிறது, வைப்பர் கம்பி, ஹீட்டர் பைப், ஸ்பீடோமீட்டர் கேபிள் எதுவும் குறுக்கே போகிறதா என்பதையும் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். அழகுக்கு முழு மார்க். ஒலிக்கு, கீழே சொல்லும் வாட் கணக்குப்படி, சாதாரண டெக்கை விட ஒரு படிகூட உயர்வில்லை. சுங்க வரியோடு விலை பல மடங்கு. கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கு மட்டும் சிபாரிசு செய்வோம்.

இரண்டாவது, எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிங்கிள் டின் டெக். சிடி இல்லாத ‘மெக்லெஸ்’ வகை இப்போது மலிவு, ஆழமும் குறைவு. இதற்கு வேண்டிய சதுரம் 182 மி.மீ. அகலம், 53 மி.மீ. உயரம். இந்தச் சதுரத்தை டேஷ் தகரத்தில் வெட்டத்தான் கடைக்காரர் உடனே கிரைண்டரை எடுப்பார். விடாதீர்கள். பழைய டேஷ் தகரம் ஒரு முறை வெட்டினால் டிங்கர் ஒட்டுப் போட்டாலும் கோடு தெரியும். வெட்டின ஓரத்தில் பெயின்ட் இல்லாததால் கடற்கரைக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். 50 வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. அதன் அடிப்படையே வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். ரேடியோ ஓட்டைக்காக யாரும் பதிவை மறுப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மதிப்புப் போடுகிறவர் கண் முதலில் டேஷில்தான் விழும்.

கிளவ் பாக்ஸுக்குள் வைத்தால் கதவை மூடியதும் மறைந்துவிடும், பாட்டு மாற்றுவதெல்லாம் போனில். ஆனால் டெக்கின் பின்புறம் இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்குக்குக் காற்று வேண்டும். பின்னால் மூன்று செ.மீ. இடைவெளி விட்டு, கிளவ் பாக்ஸின் பின் அட்டையில் மட்டும் ஓட்டை போடுங்கள். அட்டை மாற்றக்கூடியது, தகரம் அல்ல. அக்னி நட்சத்திரத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்த செட் அரை மணியில் தானாக அணைவதும், ஆறியதும் மறுபடி வருவதும் இந்தக் காற்றுக்குறையால்தான். செட்டில் கோளாறு என்று கடைக்கு எடுத்துப் போனால் அங்கே நன்றாகப் பாடும்.

மூன்றாவது, பழைய ரேடியோவைக் கைவைக்காமல் விட்டுவிட்டு, சின்ன ஆம்ப்ளிஃபயரையும் ஒரு புளூடூத் ரிசீவரையும் டேஷுக்குள் ஒளித்து வைப்பது. ஆல்பைனின் கேடிபி-445யூ போல ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும் ஆம்ப்கள் உண்டு. நாலு சேனல், சேனலுக்கு 45 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜ வாட். ஒலியில் இந்த மூன்றில் இதுதான் முதலிடம். தொல்லை ஒன்றுதான்: புளூடூத் ரிசீவருக்கு யூஎஸ்பி சார்ஜரிலிருந்து கரன்ட் எடுத்தால், அதன் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சுற்றிக்கொண்டு ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப ‘ஈ’ என்ற இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வரும். ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் போட்டால் போய்விடும். அதைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

இப்போது அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு. ‘55 வாட் x 4’ என்று பெரிதாக எழுதியிருக்கும், அதாவது 220 வாட். அதே டெக்கின் முதுகில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள்: 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட்தான். உள்ளிருக்கும் ஆம்ப் சிப் 14.4 வோல்ட்டில் நாலு ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது சேனலுக்குச் சுமார் 20 வாட். ரெட்ரோ செட்டிலும் இதே ஜாதிச் சிப்தான். டைனமோ வண்டி ஐட்லிங்கில் நின்று பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அது 14, 15 வாட்டாகக் குறையும். அதனால் வாட்டைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள், சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் சத்தம் என்பதைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் 80 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே எழுப்பிவிடும். பழைய வண்டிக்கு இதைவிட மலிவான அப்கிரேடு வேறு இல்லை. பெட்டியில் பளபளக்கும் ‘400 வாட் மேக்ஸ்’ ஸ்டிக்கரைப் புரட்டிவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

டைனமோவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு மாறாத பழைய வண்டிகளில் டைனமோ கொடுப்பது அதிகபட்சம் சுமார் இருபது ஆம்பியர்தான். லூகாஸ் சி40 வகை 22. அதுவும் வண்டி ஓட்டத்தில் இருக்கும்போதுதான். இரவில் கணக்குப் போடுங்கள்: ஹெட்லைட் இரண்டும் 90 வாட், மற்ற பல்புகள் 25, இக்னீஷன் காயில் 40. பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்பியர் போய்விட்டது. மழையில் வைப்பர் போட்டால் இன்னும் மூன்று. ஹாலஜன் போட்டிருந்தால் அதற்கும் மேலே. மிச்சம் நாலைந்து ஆம்பியர். நாலு ஸ்பீக்கரோடு ஒரு டெக் நல்ல சத்தத்தில் சராசரியாக எடுப்பது இதே அளவுதான். கடலூர் ரோட்டில் ஓடும்போது தாங்கும். இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஹெட்லைட்டோடு நிற்கும்போது டைனமோ கொடுப்பது பூஜ்யம், முழுப் பாரமும் பேட்டரி மேல். சப்வூஃபர் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம்.

செட் வாங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பத்மினிக்கு நெகட்டிவ் எர்த், கவலையில்லை. 1960களின் நடுவரை வந்த பிரிட்டிஷ் ரத்த வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். இன்றைய டெக்கின் உடம்பும் ஏரியல் ஒயரின் வெளிச்சுற்றும் நெகட்டிவ். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை டேஷில் திருகினால் நேரடி ஷார்ட்தான். நெகட்டிவுக்கு மாற்றலாம்: பேட்டரி இணைப்பைத் திருப்பி, காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) டெர்மினலில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் அந்த டெர்மினலை இரண்டு மூன்று முறை தொட்டு எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் டைனமோ தலைகீழாக சார்ஜ் செய்து, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே சுவிட்சாக இருக்கும் கட்-அவுட்டைப் பொசுக்கும். புதுச்சேரியில் யார் வீட்டிலாவது தூங்கும் பழைய சிட்ரோயன் 2சிவி, பீட்டில் போன்றவற்றின் ஆரம்பகால மாடல்கள் 6 வோல்ட்; அவற்றில் இந்த மூன்று செட்டும் நேரடியாக ஓடாது.

ஸ்பீக்கருக்கு வருவோம். பழக்கத்தில் எல்லோரும் போடுவது பின் கண்ணாடிக்குக் கீழே பார்சல் டிரேயில் ஒரு ஜோடி 6x9 ஓவல். தப்பில்லை, ஆனால் அந்த அட்டையிலேயே திருகுவதுதான் தப்பு. அட்டை ஸ்பீக்கரோடு சேர்ந்து ஆடும், முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் இடுக்கு வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பேஸ் காணாமல் போகும். அட்டையை எடுத்துவிட்டு 12 மி.மீ. பிளைவுட் வெட்டி, கீழே உள்ள தகரச் சட்டத்தில் நட்டு போட்டு இறுக்குங்கள். ஓரம் முழுக்க நுரை டேப். டிக்கியே பெட்டியாக வேலை செய்யும். மேலே பழைய நிறத்திலேயே ரெக்சினோ துணியோ போர்த்தினால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. டிக்கியை மூடும்போது கீல் கம்பி காந்தத்தில் இடிக்கிறதா என்று ஓட்டை போடுவதற்கு முன் பாருங்கள், பின் அல்ல.

பின்னால் மட்டும் போட்டால் பாடகர் பின் சீட்டில் உட்கார்ந்து பாடுவார். முன்னால் ஒரு ஜோடி நாலு இஞ்ச் கோஆக்ஸியல் (நடுவில் சின்ன ட்வீட்டரும் சேர்ந்த ஸ்பீக்கர்) கட்டாயம். கதவை வெட்ட வேண்டாம். கதவுக்குக் கீழ்முன் மூலையில், கால் பக்கச் சுவரில் பலகை அடித்து வைக்கலாம். வலது பக்கம் ஆக்ஸிலேட்டர் பாதத்துக்கு ஒட்டி வருவதால் பலகையும் ஸ்பீக்கரும் சேர்ந்து நாலரை செ.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது, இரும்பு கிரில் வேண்டும். டெக்கில் கீழ் ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் இந்தச் சின்ன ஸ்பீக்கர் கீழ் ஒலியோடு மல்லுக்கட்டாமல் குரலைத் தெளிவாகக் கொடுக்கும்.

பிளஸ் மைனஸ் மாறாமல் இணைப்பது சின்ன வேலை, பெரிய வித்தியாசம். ஒன்றரை வோல்ட் டார்ச் செல் ஒன்றை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொடுங்கள். செல்லின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். ஒரு பக்கம் வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் போனால் ஒன்று தலைகீழ். அப்படி இருக்கும்போது மிருதங்கம் போட்டுக் கேட்டால் வலந்தலை கணீரென்று இருக்கும், இடப்பக்கத் தொப்பியின் கும்கி மட்டும் இருக்கவே இருக்காது.

டெக்கின் ஒயர் நிறங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி, கறுப்பு எர்த், நீலம் ஏரியல் அல்லது ஆம்புக்கான ஆன் சிக்னல். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பழைய ரேடியோ ஒயரிங்கில் ஸ்பீக்கருக்கு ஒற்றை ஒயர் மட்டும் இழுத்து மைனஸைப் பாடியில் கொடுத்திருப்பார்கள். இன்றைய டெக்கின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல, அதிலும் ஒலி ஓடுகிறது. பாடியில் தொட்டால் சிப் போய்விடும். பழைய ஸ்பீக்கர் ஒயரை அப்படியே உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மஞ்சள் ஒயருக்கு ஆம்ப் வைத்தாலும் வைக்காவிட்டாலும் 4 சதுர மி.மீ. போடுங்கள். கடையில் பெரும்பாலும் கையில் இருக்கும் 1 சதுர மி.மீ. ஒயரில் மூன்று மீட்டருக்கு 10 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 4-இல் அது 0.13 வோல்ட்தான். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், டெக் பக்கத்தில் அல்ல. ஒயர் எங்கேயாவது உரசித் தகரத்தைத் தொட்டால் ஃபியூஸுக்கு முந்திய பகுதிக்குப் பாதுகாப்பே கிடையாது, துணி உறை போட்ட பழைய ஒயர் கட்டு முழுதும் சேர்ந்து எரியும். சிவப்பு ஒயரைப் பழைய இக்னீஷன் சுவிட்சில் நேராகப் பாரம் ஏற்றாமல் ஒரு ரிலே வழியாகக் கொடுங்கள்.

நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஏற்ற சில தேர்வுகள். ஓரம் நுரையால் செய்த ஸ்பீக்கர் வேண்டாம், ஈரத்திலும் வெயிலிலும் பொடிந்துபோகும். ரப்பர் ஓரம், பாலிபுரொப்பிலீன் கோன் கேளுங்கள். எம்டிஎஃப் பலகை ஊறிப் பருக்கும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கி வெட்டின ஓரத்தில் பெயின்ட் அடியுங்கள். ஒயர் வெள்ளீயம் பூசியதாக இருந்தால் பச்சைக் களிம்பு ஏறாது. தேங்காய்த்திட்டிலும் கடலூர் ஓ.டி.யிலும் படகுக்கு ஒயரிங் செய்பவர்களிடம் விசாரியுங்கள். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கதவில் அதிர்வை அடக்கும் பியூட்டில் ஷீட் ஒட்டுவதானால் கால்வாசிப் பரப்பு போதும், கதவடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். ஆம்பை சீட்டுக்கு அடியில் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வண்டிக்குள் நீர் புகுந்தால் முதலில் நனைவது அந்த இடம்தான். டேஷுக்கு அடியில், ஃபயர்வால் (எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவர்) பக்கம் உயரத்தில் வையுங்கள்.

இரைச்சல் வந்தால் குருட்டாம்போக்கில் ஃபில்டர் வாங்க வேண்டாம். ஏரியலைப் பிடுங்கிவிட்டு புளூடூத்தில் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் கரன்ட் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது. நின்றுவிட்டால் ஏரியல் வழியாக. டக்டக்டக் என்று ஆக்ஸிலேட்டரோடு வேகமெடுத்தால் இக்னீஷன்: ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் ஒயர் அல்லது 5 கிலோ ஓம் பிளக் கேப் போடுங்கள், காயிலின் சாவிப் பக்க டெர்மினலிலிருந்து எர்த்துக்கு ஒரு சப்ரஸர் கன்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பாயின்ட் பக்க டெர்மினலில் போடக் கூடாது. ‘ஊ’ என்று ஏறி இறங்கினால் டைனமோ: அதன் பெரிய டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட். எஃப் டெர்மினலில் எந்தக் கன்டென்சரும் வேண்டாம், வோல்டேஜ் ரெகுலேட்டரின் பாயின்ட் கருகிவிடும். ஏரியல் சுமார் 75 செ.மீ. கம்பி இருந்தால் எஃப்எம்மிற்குக் கச்சிதம். மட்கார்டுக்கு அடியில் அதன் பிடி தொடும் இடம் துருவோ பெயின்டோ இல்லாமல் தகரத்தைக் கடிக்க வேண்டும்.

பொருத்தும் வேலைக்கு யாரிடம் போவது? அக்சஸரீஸ் கடைகள் ஸ்விஃப்ட், ஐ20-க்குக் கப்ளரைச் செருகிப் பழகியவை; அங்கே பொருளை வாங்கலாம், மறைமலை அடிகள் சாலையிலோ மஞ்சக்குப்பத்திலோ விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒயரிங் மட்டும் டைனமோ, கட்-அவுட் வேலை தெரிந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பலகை வேலைக்குக் கார்ப்பெண்டர் தனி. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் வேண்டாம், கோடையில் பசை உருகி டேப் அவிழும். கிரிம்ப் அடித்து ஹீட் ஷ்ரிங்க் மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் கூலி கேட்டால் கொடுக்கலாம், நியாயமான கூலிதான்.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று பாருங்கள். எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, செட்டைப் பாதிக்கு மேல் வைத்து, பேட்டரி முனையில் மல்டிமீட்டர் பிடியுங்கள். எஞ்சின் நடுத்தர வேகத்தில் இருக்கும்போது 13 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிறகு மீட்டரின் சிவப்பு முள்ளை டெக்கின் மஞ்சள் ஒயரிலும் கறுப்பை டெக்கின் எர்த்திலும் வைத்து அளந்தால், பேட்டரியில் கண்டதற்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் எர்த்தைத்தான் முதலில் அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.